நன்றாகப் பேசும் குழந்தைக்கு ஆட்டிசமா? ஆஸ்பெர்ஜரை மருத்துவர்கள் கண்டறியும் விதம்

ஆறு வயதுப் பையன். எந்த எண் பஸ் எங்கே புறப்பட்டு எந்தெந்த நிறுத்தத்தில் நின்று போகும் என்பதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். கணக்கில் நூற்றுக்கு நூறு. ஆனால் இடைவேளை மணி அடித்தால் மைதானத்தின் ஓரமாகச் சுவரைத் தடவிக்கொண்டே தனியாக நடப்பான். யாராவது விளையாடக் கூப்பிட்டால் பஸ் எண்களைச் சொல்ல ஆரம்பிப்பான். கேட்டவன் ஓடிப்போன பிறகும் சொல்லிக்கொண்டிருப்பான். "இவ்வளவு அறிவான பிள்ளைக்கு என்ன வந்தது?" என்று வீட்டில் கேட்பார்கள். "சொன்ன பேச்சைக் கேட்கிறதில்லை, வீட்டில செல்லம் ஜாஸ்தி" என்று பள்ளியில் சொல்வார்கள். இந்த இழுபறியிலேயே இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும்.

பேச்சு தாமதமில்லாமல் வரும் ஆட்டிசமான, ஆஸ்பெர்ஜர் என்று அழைக்கப்பட்ட நிலை பெரும்பாலும் இப்படித் தாமதமாகத்தான் மருத்துவரிடம் வந்து சேர்கிறது. பேச்சு வராத குழந்தையை இரண்டு வயதிலேயே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மழைபோல் பேசும் குழந்தையை எதற்காக அழைத்துப்போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டில் எட்டு வயதுக் குழந்தைகளின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஆட்டிசம் என்று குறிக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு நான்கு வயதுக்குள் அது தெரிந்திருந்தது. ஆஸ்பெர்ஜர் என்று குறிக்கப்பட்டவர்களுக்கு அந்த வயது ஆறைத் தாண்டியிருந்தது.

இந்தத் தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்பெர்ஜரைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. குழந்தை வளர்ந்த கதையைக் கேட்டும், குழந்தையோடு உட்கார்ந்து கவனித்தும், வீடும் பள்ளியும் சொல்வதை ஒப்பிட்டும்தான் மருத்துவர் ஒரு முடிவுக்கு வர முடியும். குழந்தைக்குப் பேச்சு வருகிறதா என்ற கேள்வியோடு அவர் நின்றுவிட்டால் இந்தக் குழந்தை கைநழுவிப் போகும். அந்தப் பேச்சு எதிரில் இருப்பவரை நோக்கிப் போகிறதா என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும்.

பெயர் என்ன ஆயிற்று?

இணையத்தில் தேடும் பெற்றோரை முதலில் குழப்புவது பெயர்தான். ஓரிடத்தில் ஆஸ்பெர்ஜர் என்று இருக்கும்; இன்னோரிடத்தில் அப்படி ஒன்று இப்போது இல்லை என்று இருக்கும். இரண்டும் உண்மை.

வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர், பெரியவர்களைப்போலப் பேசிக்கொண்டு சகவயதினரோடு ஒட்டாமல் இருந்த சிறுவர்களைப் பற்றி 1944இல் எழுதினார். ஜெர்மன் மொழியில் இருந்த அந்தக் கட்டுரை நீண்டகாலம் வெளியே தெரியவில்லை. 1981இல் பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் லோர்னா விங் அதை எடுத்துப் பேசி, ஆஸ்பெர்ஜர் என்ற பெயரையும் பரவச் செய்தார். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம். நான்காம் பதிப்பு அதைத் தனி நோயறிதலாகச் சேர்த்துக்கொண்டது. ஆட்டிசத்துக்கு உரிய சமூகச் சிக்கல்களும் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களும் இருக்க வேண்டும்; ஆனால் இரண்டு வயதுக்குள் ஒற்றைச் சொற்களும் மூன்று வயதுக்குள் சின்னச் சொற்றொடர்களும் வந்திருக்க வேண்டும்; அறிவு வளர்ச்சியிலும் தாமதம் இருக்கக்கூடாது. அன்றைய இலக்கணம் இவ்வளவுதான்.

நடைமுறையில் இந்த எல்லைக்கோடு நிற்கவில்லை. ஒரே மாதிரியான குழந்தைக்கு ஒரு மருத்துவமனை ஆஸ்பெர்ஜர் என்றும், அடுத்த ஊர் மருத்துவமனை ஆட்டிசம் என்றும் எழுதிக்கொடுத்தது. குழந்தையைவிட, எழுதிய இடமே பெயரைத் தீர்மானித்தது. அதனால் 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எல்லாவற்றையும் சேர்த்து 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார்கள். முன்பே ஆஸ்பெர்ஜர் என்று உறுதியானவர்களை அதே ஸ்பெக்ட்ரத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அதில் குறிப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.–11 நோய்ப் பட்டியலும் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது தனிப்பெயரை விட்டுவிட்டது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு இல்லாத, மொழித் திறன் ஏறக்குறைய சரியாக உள்ள ஆட்டிசம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது; அதன் குறியீடு 6ஏ02.0. பழைய ஆஸ்பெர்ஜர் குழந்தைகள் பெரும்பாலும் அதற்குள் வருவார்கள்.

நாஜி ஆட்சிக் காலத்தில், குழந்தைகள் கொல்லப்பட்ட ஆம் ஸ்பீகல்கிரண்ட் மருத்துவமனைக்குச் சில குழந்தைகளை அனுப்பியதில் ஆஸ்பெர்ஜருக்குப் பங்கு இருந்தது என்பதை 2018இல் வெளியான வரலாற்று ஆய்வுகள் ஆவணங்களோடு காட்டின. அதன்பின் அந்தப் பெயரையே வேண்டாம் என்று சொல்பவர்கள் கூடினார்கள். அந்தப் பெயரோடு வளர்ந்து அதைத் தன் அடையாளமாக வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அந்தச் சொல் வருவது, தேடும் பெற்றோருக்கு அதுதான் தெரியும் என்பதால். மருத்துவர் தரும் தாளில் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், நிலை 1' (மூன்று நிலைகளில் குறைந்த அளவு உதவி தேவைப்படுவது) என்று இருந்தால், மருத்துவர் வேறெதையோ எழுதிவிட்டார் என்று பதற வேண்டியதில்லை.

மருத்துவர் தேடுவது

டி.எஸ்.எம்.–5 இரண்டு பெரிய தொகுதிகளைக் கேட்கிறது. முதல் தொகுதி பழகுவதும் பரிமாறுவதும். அதில் மூன்று அம்சங்கள், மூன்றும் இருந்தாக வேண்டும். ஒன்று, கொடுக்கல் வாங்கலாகப் பேச இயலாமை: தன் விஷயத்தைக் கொட்டுவது, எதிராளி சொன்னதைத் தொட்டு அடுத்த வார்த்தை எடுக்கத் தெரியாதது. இரண்டு, கண், முகம், கை, குரல் ஆகியவை பேச்சோடு சேர்ந்து ஓடாமல் தனித்தனியாக நிற்பது. மூன்று, நட்பை உண்டாக்கிக்கொள்வதிலும், இடத்துக்குத் தக்கபடி நடந்துகொள்வதிலும் தடுமாற்றம்.

இரண்டாவது தொகுதியில் நான்கு அம்சங்கள். அவற்றில் குறைந்தது இரண்டு அம்சங்களாவது இருக்க வேண்டும். கையை உதறுவது, பொருளை வரிசையாக அடுக்குவது, கேட்ட வசனத்தையே திரும்பச் சொல்வது போன்றவை ஒன்று. மாறாத ஒழுங்கு இன்னொன்று: பள்ளிக்கு வழக்கமாகப் போகும் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்று ஆட்டோ வேறு தெருவில் திரும்பினால் நாள் முழுக்க அழுகை, தயிர்சாதத்தைப் பொரியல் தொட்டுவிட்டால் தட்டையே தள்ளிவிடுவது. மூன்றாவது, ஒரே பொருளில் மூழ்கிப்போகும் ஆர்வம். ரயில், மின்விசிறி, கிரகங்கள், கொடிகள் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆர்வம் இருப்பது பிரச்சினையில்லை, அதன் ஆழமும், வேறெதற்கும் இடம் விடாத இறுக்கமும்தான் கணக்கு. நான்காவது, புலன்கள்: மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது, யூனிஃபார்ம் காலரில் உள்ள லேபிளை வெட்டினால்தான் சட்டை போடுவது, சில குழந்தைகளுக்கு இதற்கு நேர்மாறாக வலியே உறைக்காதது.

இவை இப்போதுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்பு இருந்து மறைந்திருந்தாலும் சேரும். சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், ஆனால் பள்ளி, நட்பு என்று சுமை ஏறும்போதுதான் வெளியே முழுசாகத் தெரியலாம். அன்றாட வாழ்க்கையைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பாதிக்கவும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒதுங்கியிருக்கப் பிடிக்கும், புத்தகம் பிடிக்கும், ஆனால் தேவைப்படும்போது நாலு பேரோடு கலந்துகொள்ளும் குழந்தைக்கு எந்தப் பெயரும் ஒட்ட வேண்டியதில்லை.

முதல் சல்லடை

குழந்தை மருத்துவர்கள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்–சாட் என்ற 20 கேள்வித் தாளைப் பயன்படுத்துகிறார்கள். அது நல்ல கருவிதான். ஆனால் நேரத்துக்குப் பேசத் தொடங்கிய, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற குழந்தை அதில் எளிதாகத் தேறிவிடும். "ரெண்டு வயசுல டெஸ்ட் பண்ணினாங்க, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்ற பெற்றோரின் வார்த்தையை வைத்து ஏழு வயதில் கதவை மூடிவிடக்கூடாது.

பள்ளி வயதுக்கு வேறு தாள்கள் உண்டு. காஸ்ட் என்பதில் பெற்றோருக்கு 37 கேள்விகள். அவற்றில் 31க்குத்தான் மதிப்பெண். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுமையாகப் பார்க்க வேண்டும். எஸ்.சி.க்யூ. என்ற 40 கேள்வித் தாளிலும் வழக்கமான எல்லை 15தான். இந்த எண்கள் சல்லடையின் கண் அளவு மட்டும். எல்லையைத் தாண்டிய குழந்தைகளில் ஒரு பகுதி ஆட்டிசம் இல்லாதவர்கள். எல்லைக்குக் கீழே நின்றவர்களில் சிலருக்கு ஆட்டிசம் இருக்கும். கைப்பேசியில் இந்தத் தாளை நிரப்பிவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

அடுத்த கட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டியவர் வளர்ச்சிசார் குழந்தை மருத்துவர் அல்லது குழந்தைகள் மனநல மருத்துவர். கூடவே மருத்துவ உளவியலாளர், பேச்சு சிகிச்சையாளர், அன்றாடத் திறன்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தமிழ்நாட்டில் அரசு வழியில் போவதானால் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் கீழ் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு அங்கே பரிந்துரைக்கும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமான நிப்மெட் இருக்கிறது.

வளர்ந்த கதை

மதிப்பீட்டில் அதிக நேரம் பிடிப்பதும் அதிகம் பலன் தருவதும் பெற்றோரோடு நடக்கும் பேச்சு. ஏ.டி.ஐ.–ஆர் என்ற முறைப்படுத்தப்பட்ட நேர்காணலில் 93 அம்சங்கள் உண்டு. ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். எல்லா இடத்திலும் அது கிடைக்காது. ஆனால் அனுபவமுள்ள மருத்துவர் அந்தத் தாள் இல்லாமலேயே அதன் பாதையில் கேட்பார்.

"எப்போ பேச ஆரம்பிச்சான்?" என்பதோடு அவர் விடமாட்டார். ஒரு வயது வாக்கில் வானத்தில் விமானம் போனால் விரலை நீட்டிவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தானா என்று கேட்பார். பிஸ்கட் வேண்டும் என்று சுட்டுவது வேறு, "பாரேன்!" என்று பகிர்ந்துகொள்வதற்காகச் சுட்டுவது வேறு. இரண்டாவதுதான் இங்கே பொன்னான தகவல். பொய்யாகச் சமைத்து, பொய்யாகப் பொம்மைக்கு ஊட்டி விளையாடினானா? நீங்கள் விழுந்து அழுதால் என்ன செய்வான்? விருந்தாளி வந்தால்? நான்கு, ஐந்து வயதில் எப்படி இருந்தான் என்று அந்த நேர்காணல் அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு: பிறகு பிள்ளை பாதி விஷயங்களை மனப்பாடமாகக் கற்றுக்கொண்டிருப்பான், அந்த வயதில் அசல் முகம் தெரியும்.

நம் வீட்டுப் பேச்சுக்கே உரிய சில அடையாளங்களும் உண்டு. அப்பா "தலைக்கு மேல வேலை இருக்குடா" என்றால் நிமிர்ந்து மேலே பார்க்கிறான். "ஒரு நிமிஷம் இரு" என்றால் அறுபது எண்ணி முடித்து "முடிஞ்சிடுச்சு" என்கிறான். தாத்தாவை "நீ" என்றும் தெருவில் விளையாடும் பொடியனை "நீங்க" என்றும் மாற்றிக் கூப்பிடுகிறான். எத்தனை முறை திருத்தினாலும் ஆளுக்கேற்ற மரியாதை பிடிபடவில்லை. வீட்டில் ஒருவரும் அப்படிப் பேசாதபோது, பையன் மட்டும் கார்ட்டூனில் வரும் எழுத்துத் தமிழிலோ யூடியூப் ஆங்கிலத்திலோ பேசுகிறான். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால், "கொஞ்சம் வித்தியாசமா இருக்கான்" என்ற ஒற்றை வரியைவிடப் பல மடங்கு உதவும்.

தடுப்பூசி அட்டை, பழைய ரேங்க் கார்டுகள், டீச்சர் எழுதிய குறிப்புகள், இரண்டு மூன்று வயதில் எடுத்த பிறந்தநாள் வீடியோ ஆகியவற்றையும் எடுத்துப்போக வேண்டும். கேக் வெட்டும்போது கூட்டம் மெழுகுவர்த்தியைப் பார்க்க, குழந்தை சுழலும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பது வீடியோவில் தெரியும். பெற்றோரின் ஞாபகத்தில் இருக்காது. சகவயதுக் குழந்தைகளோடு இருக்கும்போது இப்போது எடுத்த இரண்டு நிமிட வீடியோவும் தேவை. கேமரா இருப்பது தெரியாமல், யாரும் "பேசுடா, விளையாடுடா" என்று தூண்டாமல் எடுத்தது.

குழந்தையோடு ஒரு மணி நேரம்

ஏடாஸ்–2 என்பது உலகம் முழுக்கப் பயன்படும் நேரடிக் கவனிப்பு முறை. மொழித் திறனையும் வயதையும் வைத்து ஐந்து தொகுதிகள். சரளமாகப் பேசும் குழந்தைக்கு மூன்றாம் தொகுதி. 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு அக்காவோ அண்ணனோ குழந்தையோடு சும்மா விளையாடிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

மேசையில் ஒரு வடிவத்தை அடுக்கச் சொல்லிக் கட்டைகள் தருவார்கள். வேண்டுமென்றே சில கட்டைகள் குறையும். மிச்சம் பரிசோதகரின் கைக்கு அந்தப் பக்கம் கண்ணில் படும்படி இருக்கும். குழந்தை அவரைப் பார்த்து "இன்னும் வேணும்" என்று கேட்கிறதா, கண்ணாலேயே கேட்கிறதா, அவர் கையே ஒரு தடுப்புச் சுவர் என்பதுபோல் தாண்டி எடுத்துக்கொள்கிறதா, அல்லது ஒன்றும் சொல்லாமல் நின்றுவிடுகிறதா? கட்டையை அடுக்கிய வேகத்துக்கு அங்கே மதிப்பெண்ணே கிடையாது.

அடுத்து, பல் தேய்ப்பது எப்படி என்று சொல்லியும் செய்தும் காட்டச் சொல்வார்கள், பிரஷ் இல்லாமல். வெறுங்கையால் பிரஷைப் பிடிப்பதுபோல் காட்டுவது, வாயால் விளக்குவதோடு கையசைவையும் சேர்ப்பது, பார்ப்பவர் புரிந்துகொண்டாரா என்று நிமிர்ந்து பார்ப்பது எல்லாம் அந்தச் சின்ன வேலைக்குள் இருக்கின்றன. சில குழந்தைகள் பற்பசையில் ஃப்ளோரைடு ஏன் இருக்கிறது என்று பாடமே எடுப்பார்கள். கை மட்டும் மடியிலேயே கிடக்கும்.

பிறகு பேச்சு. நடுவே பரிசோதகர், "போன வாரம் நான் எங்க ஊருக்குப் போயிருந்தேன்…" என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். அந்த இடைவெளிதான் சோதனை. "அப்புறம் என்ன ஆச்சு?" என்றோ, "நாங்களும் போனோமே" என்றோ வந்தால் பந்து திரும்பி வந்துவிட்டது. பத்து விநாடி மௌனத்துக்குப் பிறகு "எந்த ரயில்ல போனீங்க? அதோட நம்பர் என்ன?" என்று வந்தால், ஆள் விட்டுப்போய் ரயில் மட்டும் பிடித்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. இப்படி ஒரே ஒருமுறை நடந்தால் ஒன்றும் முடிவாகாது. ஒரு மணி நேரத்தில் பல வாய்ப்புகள் கொடுத்துப் பார்ப்பார்கள்.

"உனக்கு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா?" "முப்பத்தேழு பேர்." வகுப்பின் வருகைப்பதிவு எண்ணிக்கை அது. "கூடப் படிக்கிற பையனுக்கும் ஃப்ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அடுத்த கேள்வி வரும். பயம், கோபம், தனிமை பற்றியும் கேட்பார்கள். கோபம் வந்தால் உடம்பில் எங்கே தெரியும் என்பதுபோல. ரசாயனம் முதல் ராக்கெட் வரை பேசிய குழந்தை அங்கே வார்த்தையில்லாமல் தவிப்பதைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு கவனிப்புக்கும் எண் போட்டுக் கூட்டி, ஒன்று முதல் பத்து வரையிலான ஓர் ஒப்பீட்டு அளவாக மாற்றுவார்கள். ஆனால் கருவி வெளிநாட்டுக் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டது என்பதை மருத்துவர் மறக்கக்கூடாது. பெரியவர் முன்னால் தலைகுனிந்து பேசப் பழக்கப்பட்ட பெண் குழந்தை கண்ணைப் பார்க்காததை ஆட்டிசம் என்று எண்ணிவிடலாகாது. நம் ஊரில் பார்க்க வேண்டியது கண் எவ்வளவு நேரம் பார்த்தது என்பதைவிட, சிரிப்பும் கையும் சொல்லும் கண்ணும் ஒரே நேரத்தில் சேர்கின்றனவா என்பதை.

வீட்டில் இவற்றைச் சொல்லிக்கொடுத்துப் பயிற்சி செய்துவிட்டு அழைத்துப்போவதால் குழந்தைக்கு எந்த நன்மையும் இல்லை. கிடைக்க வேண்டிய உதவிதான் தள்ளிப்போகும்.

கூடவே செய்ய வேண்டியவை

காது கேட்கும் திறனைச் சோதிப்பது கட்டாயம். நன்றாகப் பேசுகிற குழந்தைக்கும் ஒரு காதிலோ சில அலைவரிசைகளிலோ குறை இருக்கலாம். வலிப்புக்கான அறிகுறி இருந்தால் மட்டும் மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி. எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வழக்கமாகத் தேவைப்படாது. மரபணுச் சோதனை சில குழந்தைகளில் காரணத்தைத் தேட உதவும். ஆட்டிசம் உண்டா இல்லையா என்பதை அது சொல்லாது. மூளையைப் படம்பிடித்து ஆட்டிசத்தின் அளவைச் சொல்கிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

அறிவுத்திறன் சோதனை வேறு நோக்கத்துக்காகச் செய்யப்படுகிறது. வெக்ஸ்லர், மாலின், பினே–காமத் எதுவானாலும் மொத்த எண்ணைவிட உட்பிரிவுகள் முக்கியம். சொல்லறிவில் 125, எழுதும் வேகத்தில் 80 என்று மேடும் பள்ளமுமாக வரலாம். சராசரி போட்டால் 'நார்மல்' என்று தோன்றி, வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிக்க முடியாத அவஸ்தை மறைந்துபோகும். அதோடு அன்றாடத் திறன்களையும் வைன்லாண்ட் போன்ற அளவுகோலால் அளக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கை மூன்றாம் வகுப்பிலேயே போடும் பையன் சட்டைப் பொத்தானைப் போடவும், கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கவும் திணறுவான். அறிவுக்கும் அன்றாடத்துக்கும் நடுவே உள்ள இந்தப் பள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் ஆஸ்பெர்ஜர் என்றால் என்னவென்று புரியும்.

பேச்சு சிகிச்சையாளர் உச்சரிப்பை மட்டும் பார்த்துவிட்டு "மொழி சரியாக இருக்கிறது" என்று எழுதினால் பாதி வேலைதான் முடிந்தது. முழுக்கதையைக் கோர்வையாகச் சொல்கிறதா, கிண்டல் புரிகிறதா, கேட்பவருக்குத் தெரியாத விஷயத்தை விளக்கத் தோன்றுகிறதா என்பவையே இங்கே மொழி.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளி. மருத்துவரின் அறை அமைதியானது. எதிரில் பொறுமையான ஒரு பெரியவர். குழந்தை விட்ட இடத்தை அவரே இட்டு நிரப்பிவிடுவார். ஆஸ்பெர்ஜர் குழந்தைகள் பெரியவர்களோடு மிக நன்றாகவே பேசுவார்கள். சிக்கல் சகவயதினரோடு, சத்தத்தில், விதி எழுதப்படாத விளையாட்டில்தான். அதனால் வகுப்பாசிரியரின் எழுத்துக் குறிப்பு இல்லாமல் "ஒன்றுமில்லை" என்று தீர்ப்புச் சொல்வது பெரிய தவறு.

ஒன்றைப்போல் இன்னொன்று

மிக அதிகமாகக் குழம்புவது, கவனச்சிதறலும் அடங்காத துறுதுறுப்பும் உள்ள ஏ.டி.எச்.டி.யோடு. அந்தக் குழந்தையும் நடுவில் பேசும், விளையாட்டைக் கெடுக்கும். ஆனால் விதி அதற்குத் தெரியும், பொறுக்க முடியாமல் மீறும். ஆஸ்பெர்ஜர் குழந்தைக்கு அந்த விதியே கண்ணில் படுவதில்லை. பல குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். 2013க்கு முன் இரண்டையும் ஒன்றாக எழுத அனுமதி இல்லாததால் பழைய தாள்களில் ஒன்று மட்டும் இருக்கலாம்.

சமூகப் பதற்றம் உள்ள குழந்தை வெளியில் வாயடைத்துப்போகும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பழகுவதில் எந்த முடிச்சும் இருக்காது. எண்ணச் சுழற்சி நோயான ஓ.சி.டி. உள்ள குழந்தைக்குத் திரும்பத் திரும்பச் செய்வது வேதனை. ஆஸ்பெர்ஜர் குழந்தைக்குத் தன் பஸ் பட்டியல் ஆனந்தம். பேச்சைப் பயன்படுத்துவதில் மட்டும் சிக்கல் இருந்து, டி.எஸ்.எம்.–5 சொல்லும் இரண்டாவது தொகுதியின் பழக்கங்கள் இப்போதும் முன்பும் இல்லையென்றால், அதற்கு 'சமூகத் தகவல்தொடர்புக் குறைபாடு' என்ற தனிப்பெயர் உண்டு. அடி, பயம், புறக்கணிப்பு ஆகியவற்றோடு வளர்ந்த குழந்தையும் ஒதுங்கும். அந்தக் கதையையும் மெதுவாகக் கேட்டாக வேண்டும்.

திரை அதிகம் பார்ப்பதால் வருவதாகச் சொல்லப்படும் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற சொல் இப்போது வாட்ஸ்அப்பில் வலம்வருகிறது. டி.எஸ்.எம்.–5இலும் ஐ.சி.டி.–11இலும் அப்படி ஒரு நோயறிதல் இல்லை. திரையைக் குறைப்பது எந்தக் குழந்தைக்கும் நல்லது. அதற்காக "போனை நிறுத்திட்டு ஆறு மாசம் பார்ப்போம்" என்று மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

பெண் குழந்தைகள்

ஆண் குழந்தைகளில் மூன்று, நான்கு பேருக்கு என்றால் ஒரு பெண் குழந்தைக்குத்தான் ஆட்டிசம் என்று எழுதப்படுகிறது. அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி நம் கண்ணின் குறை. ரயில் எண் ஒப்பிப்பவன் கவனத்தைக் கவர்கிறான். நாய்க்குட்டிகள் பற்றியோ ஒரு கதைத் தொடர் பற்றியோ மூழ்கிக் கிடப்பவள் 'அமைதியான பொண்ணு'. பல பெண் குழந்தைகள் வகுப்பில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, அவள் சிரிக்கும்போது சிரித்து, அவள் பேசும் தொனியிலேயே பேசிச் சமாளிப்பார்கள். மாலையில் வீட்டுக் கதவைத் தாண்டியதும் பையை எறிந்து, ஒரு மணி நேரம் அழுகையும் கத்தலும். "ஸ்கூல்ல தங்கம், வீட்டுக்கு வந்தா பேய்" என்று அம்மா சொன்னால், வளர்ப்பைக் குறை சொல்வதற்கு முன் மருத்துவர் நிதானிக்க வேண்டும். நாளெல்லாம் நடித்த களைப்பு அங்கே கொட்டுகிறது. இப்படிப்பட்டவர்கள் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ சிகிச்சைக்கு வந்தபோதுதான் பலமுறை விஷயம் தெரியவருகிறது.

அறிக்கையும் சான்றிதழும்

முழு மதிப்பீடு பொதுவாக இரண்டு மூன்று முறை வந்துபோனால்தான் முடியும். பதினைந்து நிமிடப் பார்வையில் "ஆமாம்" என்றாலும் "இல்லை" என்றாலும் இன்னொருவரிடம் காட்டலாம். எழுத்தில் வாங்கும் அறிக்கையில், எந்தச் சோதனை எந்தத் தேதியில் நடந்தது, ஒவ்வொரு அம்சத்துக்கும் ஆதாரமாகக் கண்ட நடத்தை என்ன, டி.எஸ்.எம்.–5இன் இரண்டு தொகுதிகளுக்கும் தனித்தனியாக உதவித் தேவையின் நிலை என்ன, அறிவுத்திறன், மொழி, கூடவே உள்ள பிரச்சினைகள், குழந்தையின் பலங்கள் எல்லாம் இருக்க வேண்டும். 'ஆட்டிஸ்டிக் ஃபீச்சர்ஸ்' என்று ஒற்றை வரி எழுதி, கையோடு தெரபி பாக்கேஜ் விலைப்பட்டியலையும் கொடுத்தால் அது அறிக்கையாகாது.

ஊனச் சான்றிதழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் இடம்பெற்றிருக்கிறது. பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்ற வரம்பு வேண்டும். அதற்காக நம் நாட்டில் உருவாக்கி, நீண்டகாலமாகப் பயன்பட்டுவரும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண். மொத்தம் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்ற கணக்கில் அது வாசிக்கப்படும். சரளமாகப் பேசும் குழந்தை, பேச்சு தொடர்பான அம்சங்களில் குறைந்த எண் பெறுவதால், கஷ்டம் நிஜமாக இருந்தும் 70க்குக் கீழே நிற்கக்கூடும். அப்போது மருத்துவர் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. நோயறிதல் ஒரு கேள்வி, சலுகைக்கான சதவீதம் வேறொரு கேள்வி. பள்ளியில் முன்வரிசை இருக்கை, எழுத்துமூலமான குறிப்பு, மதிய உணவுக்கூடத்தின் சத்தத்திலிருந்து விலகிச் சாப்பிட ஓர் இடம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் விரிவான அறிக்கையே போதும்.

அறிக்கையில் உள்ள நிலை எண் கல்வெட்டு இல்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரே டீச்சர் நாள் முழுக்கக் கூட இருந்தபோது சிரமமில்லாமல் ஓடியது, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு டீச்சர், குழுவாகச் செய்யும் புராஜெக்ட், வாட்ஸ்அப் நட்பு என்று மாறும்போது தடம்புரளலாம். ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், பழைய அறிக்கையோடு ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, புதிய பள்ளிக்குக் கொடுக்க ஒரு பக்கக் குறிப்பை எழுதி வாங்கி வைத்துக்கொள்வது ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் கைகொடுக்கும்.